தேர்தல் பிரசாரத்தில் கட்சிகளும் வேட்பாளர்களும் இணையதளத்தைப் பயன்படுத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தலுக்காக இணையதளம் தொடங்கும் கட்சிகளும் வேட்பாளர்களும் பெரும்பாலும் அதை ஒரு பெரிய துண்டறிக்கையாகவே நினைத்துக்கொள்கிறார்கள். தலைவரின் படம், சாதனைப் பட்டியல், தேர்தல் அறிக்கையின் கோப்பு, கூட்டங்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். துண்டறிக்கை கேட்காதவர் கையிலும் போய்ச் சேரும். இணையதளத்துக்கோ ஒருவர் தாமாகத் தேடி வந்தால்தான் உண்டு. அப்படி வருகிறவர் யார் என்பதை 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள் அப்போதே கவனித்தனர். வேட்பாளர் தளங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே அந்த வேட்பாளரின் பக்கம் சாய்ந்திருந்தவர்கள்; தளத்தைப் படித்ததால் மனம் மாறியவர்கள் மிகக் குறைவு.

ஆகவே மனமாற்றத்தை இலக்காக வைத்துத் தளம் அமைப்பவர் வராத விருந்தினருக்காகவே சமைக்கிறார். வந்துவிட்ட ஆதரவாளரை மின்னஞ்சல் முகவரி தரவும், நன்கொடை அளிக்கவும், ஒரு மாலை நேரத்தைத் தொண்டுக்கு ஒதுக்கவும், வாக்குச்சாவடிக்குத் தவறாமல் செல்லவும் தூண்டுவதே பிரசாரத் தளத்தின் முதல் வேலை. செய்தியாளரும் எதிர்த்தரப்பினரும் இன்னும் முடிவெடுக்காத சிலரும் ஒரு செய்தியைச் சரிபார்க்க வரும்போது, கட்சியின் நிலைப்பாட்டுக்கு அதிகாரபூர்வமான பதிவாக நிற்பது அதன் இரண்டாவது வேலை. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

படி 1: எந்தத் தளம், எதற்காக என்று முடிவுசெய்தல்

கட்சித் தளமும் வேட்பாளர் தளமும் ஒன்றல்ல. கட்சித் தளம் தேர்தல்களுக்கு இடையிலும் நிலைத்திருப்பது; உறுப்பினர் சேர்க்கை, அமைப்பு விதிகள், நிர்வாகிகள் பட்டியல், அறிக்கைகள் ஆகியவற்றைத் தாங்குவது. வேட்பாளர் தளம் சில மாதங்களே வாழ்வது. ஒரே மனிதரையும் ஒரே வாக்குப்பதிவு நாளையும் சுற்றியே அமைவது. தனி வேட்பாளருக்கு அல்லாமல் கட்சிப் பட்டியலுக்கு வாக்களிக்கும் நாடுகளில் வேட்பாளருக்குத் தனித் தளம் பெரும்பாலும் வீண்செலவுதான். கட்சித் தளத்தில் நல்ல பக்கம் ஒன்று இருந்தால் போதும். அமெரிக்காவைப் போல வேட்பாளரே தமக்கான பணத்தையும் ஆட்களையும் திரட்டிக்கொள்ள வேண்டிய இடங்களில் வேட்பாளர் தளமே பிரசாரத்தின் மையம். இவை தவிர, ஒரு பிரச்சினையையோ ஒரு குற்றச்சாட்டையோ மட்டும் பேசும் சிறு தளங்களும் உண்டு. அவற்றை யார் நடத்துகிறார்கள் என்பது முகப்பிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

சமூக ஊடகங்கள் இருக்கும்போது தனித் தளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அங்கே கூட்டம் அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்குள்ள விதிகளைக் கட்சி எழுதுவதில்லை. ட்விட்டர் 2019 நவம்பரில் அரசியல் விளம்பரங்களை உலகம் முழுவதும் நிறுத்தியது, பின்னர் 2023இல் அத்தடையைத் தளர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியல் விளம்பரச் சட்டம் 2025 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரம் ஏற்பதையே விட்டுவிட்டன. இத்தகைய முடிவு பிரசாரத்தின் நடுவில் வந்தாலும், தன் தளத்தின் வழியே திரட்டிய மின்னஞ்சல் பட்டியல் கையில் இருக்கும் கட்சி ஆதரவாளர்களைத் தொடர்புகொள்ள முடியும்; பின்தொடர்வோர் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்த கட்சியால் முடியாது. சமூக ஊடகத்தில் ஆட்களைச் சந்தித்துத் தளத்துக்கு அழைத்துவர வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை.

படி 2: தளப்பெயரைப் பதிவுசெய்தல்

போட்டியிடும் எண்ணம் வெளியே கசிவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். 2015இல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிடப்போவதாக கார்லி ஃபியோரினா அறிவித்தபோது, அவர் பெயரில் அமைந்த டாட் ஆர்க் முகவரியை வேறொருவர் வாங்கி வைத்திருந்தார். ஹ்யூலட்-பேக்கார்ட் நிறுவனத் தலைவராக அவர் இருந்த காலத்தில் வேலையிழந்தவர்களைக் குறிக்க, சுமார் 30,000 சோக முகங்கள் அந்தப் பக்கத்தில் வரிசையாக நின்றன. அதே ஆண்டின் இறுதியில், அதே பதவிக்குப் போட்டியிட்ட ஜெப் புஷ்ஷின் பெயரைக் கொண்ட டாட் காம் முகவரியைத் தட்டச்சு செய்தவர்கள் போட்டியாளர் டொனால்ட் டிரம்பின் தளத்தில் போய் இறங்கினார்கள். 2019 பிரிட்டன் தேர்தலில் தொழிற்கட்சியின் தேர்தல் அறிக்கை வெளியாகும் வேளையில், அவ்வறிக்கையின் பெயரிலேயே ஒரு முகவரியை வாங்கி, அதில் தன் விமர்சனத்தை ஏற்றி வைத்தது பழமைவாதக் கட்சி.

இவற்றிலிருந்து செய்ய வேண்டியது எளிதாகவே விளங்கும். வேட்பாளர் பெயரின் வழக்கமான எழுத்துக்கோவைகள், மக்கள் பிழையாக எழுதக்கூடிய வடிவங்கள், ஆண்டு சேர்ந்த வடிவம், தேர்தல் அறிக்கைக்கு வைக்கப்போகும் தலைப்பு ஆகியவற்றை டாட் காம், டாட் ஆர்க், நாட்டுக் குறியீடு ஆகிய மூன்றிலும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிட வேண்டும். தேர்தல் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு தொகை. பதிவு கட்சியின் பெயரிலோ பிரசாரக் குழுவின் பெயரிலோ இருக்க வேண்டும். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் ஒருபோதும் இருக்கக்கூடாது. பிரசாரத்தின் நடுவே அவருடன் பிணக்கு ஏற்பட்டால் முகவரியும் அவரோடு போய்விடும்.

பெயர் வாயால் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 1996 அக்டோபர் 6 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதத்தின் முடிவில் அமெரிக்க அதிபர் வேட்பாளர் பாப் டோல் தம் தள முகவரியை நாட்டு மக்களுக்குச் சொன்னார். தேசிய விவாதமேடை ஒன்றில் வேட்பாளர் தம் தளத்தை அறிவித்தது அன்று புதுமை. ஆனால் கடைசி ஆர்க்குக்கு முன்னால் வர வேண்டிய புள்ளியை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். எண்ணும் சுருக்கமும் கலந்த நீண்ட பெயரை மேடையில் நிற்கும் யாரும் அப்படித் தவறவிடக்கூடும் என்பதால், ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டவர் பிழையில்லாமல் எழுதிவிடக்கூடிய பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 3: சட்டம் கேட்பதை முதலிலேயே பட்டியலிடுதல்

வடிவமைப்பாளரை அமர்த்துவதற்கு முன் தேர்தல் சட்டம் அறிந்த ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் முகப்பில் எது இருக்க வேண்டும், எந்த நாளில் எது நிற்க வேண்டும் என்பதைப் பல நாடுகளில் சட்டமே தீர்மானிக்கிறது.

ஜப்பானில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரும்வரை பிரசாரக் காலத்தில் வேட்பாளர்கள் தம் தளத்தைப் புதுப்பிக்கவே முடியாது. இப்போது புதுப்பிக்கலாம், ஆனால் வாக்குப்பதிவு நாளன்று கூடாது, தொடர்புக்கான மின்னஞ்சல் போன்ற முகவரியையும் தளத்தில் காட்ட வேண்டும். பிரிட்டனில் அச்சுப் பிரதிகளுக்கு இருந்த வெளியீட்டாளர் பெயர்-முகவரி விதி 2023 நவம்பர் முதல் இணையப் பிரசாரத்துக்கும் விரிந்தது. அமெரிக்காவில் அரசியல் குழுக்களின் பொதுத் தளங்கள் யார் பணத்தில் நடக்கின்றன என்பதை அந்தந்தத் தளத்திலேயே எழுத வேண்டும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 13 அன்று அளித்த உத்தரவின்படி, குற்ற வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களை வேட்பாளராக நிறுத்தும் கட்சிகள் அவ்வழக்குகளின் விவரத்தையும் அவர்களைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் தம் தளத்தில் வெளியிட வேண்டும். வெற்றிவாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கக்கூடாது. அத்தகவல் முகப்பிலேயே தெரிய வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் நீதிமன்றம் மேலும் இறுக்கியது. அங்கே தளத்துக்கும் இணைய விளம்பரத்துக்கும் ஆகும் செலவு, அதைக் கவனிக்கும் பணியாளர் சம்பளம் உட்பட, தேர்தல் செலவுக் கணக்கில் சேர்கிறது.

வாக்குப்பதிவுக்குச் சற்று முன் பிரசாரத்தை நிறுத்தச் சொல்லும் அமைதிக் காலம் உள்ள நாடுகளில், ஏற்கெனவே வெளியிட்டவை நிற்கலாமா, புதியவை ஏற்றலாமா, தானாகச் செல்லும் மின்னஞ்சல்களை நிறுத்த வேண்டுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குறிப்பாக மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 4: முகப்பையும் பக்கங்களையும் அமைத்தல்

முகப்பைத் திறந்தவர் சில நொடிகளில் மூன்று விஷயங்களை அறிய வேண்டும்: யாருடைய தளம், எந்தப் பதவிக்கு அல்லது தொகுதிக்கு, இப்போது தாம் என்ன செய்யலாம். இதற்கு மேல் முகப்பில் ஏறும் ஒவ்வொன்றும் மூன்றாவதைச் சற்று மறைக்கிறது. ஓடும் படங்கள், தானாக ஒலிக்கும் பாடல், தலைவர்கள் அனைவரும் வரிசையாக நிற்கும் படம் ஆகியவை கட்சிக்குள் யாரையும் வருத்தப்படுத்தாமல் இருக்க வைக்கப்படுகின்றனவே தவிர, வருகிறவருக்காக அல்ல.

பெரும்பாலானோர் கைப்பேசியில்தான் வருவார்கள். அதுவும் கூட்டத்துக்கு நடுவில், இணைப்பு மந்தமாக இருக்கும் இடத்திலிருந்து வரக்கூடும். படங்களைச் சுருக்கி ஏற்றுதல், எழுத்துக்குப் படத்தைப் பயன்படுத்தாதிருத்தல், தேர்தல் அறிக்கையை வெறும் பி.டி.எஃப். கோப்பாக மட்டும் வைக்காமல் தனிப் பக்கங்களாகவும் தருதல் ஆகியவை இதற்கு உதவும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட அணுகல்தன்மை விதி. கட்சிக் கொடியின் நிறங்கள் இதில் அடிக்கடி தோற்றுப்போகும். அங்கே கொடியின் வண்ணத்தை விட்டுக்கொடுத்து வாசகரின் கண்ணைக் காப்பதே சரி. திரைவாசிப்பு மென்பொருளால் படிக்கத்தக்க படவிளக்கங்களையும் காணொளிகளுக்கு எழுத்துவடிவ உரையையும் சேர்க்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படும் தொகுதியில், எல்லாப் பக்கங்களையும் எல்லா மொழிகளிலும் அரைகுறையாகத் தருவதைவிட, பதிவுப் படிவம், வாக்களிக்கும் முறை, முக்கிய வாக்குறுதிகள் ஆகியவற்றை மட்டும் அந்தந்த மொழி அறிந்தவரைக் கொண்டு முழுமையாக எழுதுவிப்பது மேல்.

படி 5: உள்ளடக்கத்தை எழுதுதல்

வேட்பாளர் அறிமுகம் குறைந்தது இரண்டு அளவுகளில் இருக்க வேண்டும்: செய்தியாளர் அப்படியே எடுத்துப் போடக்கூடிய ஒரு பத்தி, முழுமையாகப் படிக்க விரும்புபவருக்கு ஒரு பக்கம். அதனுடன் அச்சிடத்தக்க தரத்தில் இரண்டு மூன்று படங்கள், ஊடகத் தொடர்புக்கான முகவரி ஆகியவற்றையும் வைத்தால், தவறான பழைய படம் செய்தித்தாளில் வந்துவிட்டது என்ற புகார் பெரும்பாலும் எழாது.

கொள்கைப் பக்கங்களில் ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனி முகவரி தேவை. ஒரு தொண்டர் வாட்ஸ்அப்பில் யாருக்காவது பதில் சொல்லும்போது நூறு பக்க அறிக்கையை அனுப்ப மாட்டார். குடிநீர் பற்றிய பக்கத்தை மட்டுமே அனுப்புவார். தேடுபொறியில் வேட்பாளரின் பெயரோடு மக்கள் சேர்த்துத் தேடும் சொற்கள் எவை என்று பார்த்து, அவர்கள் கேட்கும் சொற்களிலேயே தலைப்பு வைக்க வேண்டும். ‘உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் தொலைநோக்கு’ என்று யாரும் தேடுவதில்லை. வாக்குறுதியை எழுதும்போது யார், எப்போது, எந்தப் பணத்தில் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதில் இல்லாத வாக்குறுதியை அடுத்த நாளே எதிர்த்தரப்பு திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொள்ளும்.

அவதூறுகளை மறுப்பதற்கென ஒரு பகுதி வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. 2008 ஜூனில் பராக் ஒபாமாவின் பிரசாரம் வதந்திகளுக்கு மறுப்புச் சொல்வதற்கென்றே தனித் தளம் ஒன்றைத் தொடங்கியது. ஆதரவாளர்கள் தம் உறவினரிடமிருந்து வந்த பொய்ச்செய்திக்கு உடனே ஓர் இணைப்பை அனுப்ப முடிந்தது அதன் பயன். இதில் உள்ள அபாயம், பரவாத வதந்தியையும் நாமே எடுத்துப் பரப்பிவிடுவது. எனவே ஏற்கெனவே பரவலாகச் சுற்றும் செய்திக்கு மட்டும் மறுப்பு எழுத வேண்டும். தலைப்பில் பொய்யை அல்ல, உண்மையை வைக்க வேண்டும். ஆதாரமான ஆவணத்தை இணைக்க வேண்டும்.

படி 6: பதிவுப் படிவமும் தரவும்

தளத்தின் மிக முக்கியமான பகுதி இதுதான் என்றாலும், பெரும்பாலான தளங்களில் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்ற பக்கத்துக்குள் எங்கோ மறைந்து கிடப்பதும் இதுதான். 1998இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆளுநர் தேர்தலில், இரு பெரிய கட்சிகளுக்கும் வெளியிலிருந்து போட்டியிட்ட ஜெஸ்ஸி வென்டுரா வென்றார். அவரிடம் பெரிய அமைப்போ அலுவலகங்களோ இல்லை. தளத்தின் வழியே திரண்ட மின்னஞ்சல் பட்டியலே தொண்டர்களை ஒருங்கிணைத்தது, கடைசி நாட்களின் சுற்றுப்பயணத்துக்கு ஆட்களைச் சேர்த்தது. பட்டியல்தான் சொத்து, தளம் அதைத் திரட்டும் கருவி என்பதை இத்தனை சிறிய பிரசாரம் இத்தனை தெளிவாகக் காட்டியது குறிப்பிடத்தக்கது.

முதல் படிவத்தில் மின்னஞ்சல் அல்லது கைப்பேசி எண், அஞ்சல் குறியீடு ஆகிய இரண்டு மட்டும் போதும். குறியீடு இருந்தால் அந்த நபரை அவர் பகுதிப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கலாம்; வயது, தொழில், சமூகம் என்று கேட்கத் தொடங்கினால் பலர் பாதியிலேயே விலகிவிடுவார்கள். மீதியை உறவு வளர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம். பதிவு செய்தவருக்கு உடனே நன்றி மடலும், ஓரிரு நாட்களில் அவர் பகுதியைச் சேர்ந்த ஒருவரின் அழைப்பும் போக வேண்டும். ஆயிரக்கணக்கில் பதிவுகளை வாங்கி, பின்னர் ஒருவரையும் அழைக்காத தளங்கள் ஆதரவாளர்களைச் சோர்வடையச் செய்வதில் எதிர்க்கட்சிகளை மிஞ்சிவிடுகின்றன.

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவதற்கு கடிதம் உண்மையில் அத்தளப்பெயருக்கு உரியவரிடமிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் மூன்று சரிபார்ப்புப் பதிவுகளைத் தளப்பெயரில் அமைத்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் பெருமளவில் அனுப்புவோருக்கு இவற்றையும் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கட்டாயமாக்கியுள்ளன. இவை இல்லாத கடிதங்கள் குப்பைப் பெட்டிக்குப் போகலாம் அல்லது ஏற்கப்படாமலே திரும்பலாம்.

அரசியல் கருத்து என்பது சாதாரணத் தகவல் அல்ல. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உடல்நலம், மதம் ஆகியவற்றோடு சேர்த்துச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லாத நாட்டிலும், ஒருவர் எந்தக் கட்சிக்குப் பதிவு செய்தார் என்ற தகவல் அவரது முதலாளிக்கோ அண்டை வீட்டாருக்கோ தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே சேமிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் இஸ்ரேலில் லிக்குட் கட்சி பயன்படுத்திய தேர்தல் செயலியின் இணையதளத்தில், நிர்வாகிகளின் கடவுச்சொற்கள் பக்கத்தின் மூலக்குறியீட்டிலேயே தெரிந்தன. அதன் வழியே சுமார் 65 லட்சம் வாக்காளர்களின் விவரம், அதாவது ஏறக்குறைய நாட்டின் வாக்காளர் பட்டியல் முழுவதும், திறந்து கிடந்தது. வெளியாரின் செயலியை வாங்கிக்கொண்டதால் பொறுப்பும் வெளியாருக்குப் போய்விடும் என்று எந்தக் கட்சியும் நினைக்கக்கூடாது.

படி 7: நன்கொடைப் பக்கம்

இணைய நன்கொடையின் வரலாறு அமெரிக்கா என்ற ஒரே நாட்டில்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது என்றாலும் அதன் பாடங்கள் பொதுவானவை. 2000 பிப்ரவரியில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் எதிர்பாராத வெற்றி பெற்ற ஜான் மெக்கெய்னின் தளத்தில், அடுத்த சில நாட்களிலேயே 10 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. உற்சாகம் உச்சத்தில் இருக்கும் மணிநேரங்களில் தளம் தயாராக இருந்தால் மட்டுமே பணம் வரும் என்பதை அது காட்டியது. 2003இல், அதிபர் வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீனின் தளம் இலக்குத் தொகையை ஒரு பேஸ்பால் மட்டையின் படமாக வரைந்து, பணம் வர வர அது நிறைவதைக் காட்டியது. தம் சிறு தொகை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கொடுத்தவர் கண்ணால் பார்த்தார். 2007 டிசம்பர் 16 அன்று, அதேபோல் முயன்ற ரான் பாலுக்கு ஒரே நாளில் சுமார் 60 லட்சம் டாலர் திரண்டபோது, அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அவருடைய பிரசாரக் குழுவினர் அல்லர், ஆதரவாளர்களே. குழு செய்ய வேண்டியிருந்ததெல்லாம் நன்கொடைப் பக்கத்தை முடங்காமல் வைத்திருப்பதுதான்.

பக்கத்தை அமைக்கும்போது முதலில் சட்டம் கேட்கும் விவரங்களைச் சேர்க்க வேண்டும்: கொடுப்பவர் குடிமகனா, வரம்புக்குள் இருக்கிறாரா, பணம் அவருடையதா என்பன போன்றவை. அமெரிக்காவில் 200 டாலரைத் தாண்டும் நன்கொடையாளரின் தொழிலையும் வேலையளிப்பவரையும் கேட்க வேண்டும். அதன்பின் மற்ற எல்லாவற்றையும் நீக்க வேண்டும். மேல்பட்டியல், செய்திகள், காணொளி என எதுவும் நன்கொடைப் பக்கத்தில் வேண்டாம். சில தொகைகளைப் பொத்தானாகத் தந்து, வேறு தொகை எழுத இடமும் விட வேண்டும். அட்டை விவரங்களைக் கட்சியின் சர்வரில் சேமிக்கவே கூடாது. அங்கீகாரம் பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனத்திடம் அதை விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு சபலம் காத்திருக்கிறது. மாதந்தோறும் கொடுக்கச் சம்மதம் என்ற பெட்டியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தால் வருமானம் உயரும். 2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் பிரசாரத்தின் நன்கொடைப் பக்கம் அதையே வாரந்தோறும் என்று வைத்தது. ஒருமுறை கொடுத்ததாக நினைத்தவர்களின் கணக்கிலிருந்து மீண்டும் மீண்டும் பணம் போனது. அப்பிரசாரமும் அதன் கட்சியும் அவ்வாண்டின் கடைசி இரண்டரை மாதங்களில் மட்டும் 6 கோடி டாலருக்கும் மேல் இணைய நன்கொடையாளர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. 2021 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இம்முறையைத் தடைசெய்யுமாறு நாடாளுமன்றத்துக்கு ஒருமனதாகப் பரிந்துரைத்தது. கொடுப்பவர் தாமே தேர்ந்தெடுத்தால் ஒழிய எந்தப் பெட்டியும் நிரம்பியிருக்கக்கூடாது. சட்டம் அனுமதித்தாலும் கூடாது.

படி 8: ஊகத்தை விட்டுச் சோதித்தல்

2007 டிசம்பரில் ஒபாமா தளத்தின் நுழைவுப் பக்கத்தில் நடந்த சோதனை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. பொத்தானில் நான்கு வாசகங்கள், மேலே ஆறு வகையான படமும் காணொளியும் என 24 சேர்க்கைகளை வந்தவர்களுக்குப் பிரித்துக் காட்டினார்கள். குழுவினருக்குக் காணொளிகளின் மேல்தான் நம்பிக்கை. ஆனால் எல்லாக் காணொளிகளும் படங்களைவிடப் பின்தங்கின. குடும்பப் படமும் ‘மேலும் அறிய’ என்ற பொத்தானும் சேர்ந்த பக்கம் வென்றது. பதிவு செய்தவர்களின் விகிதம் 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 விழுக்காடாக உயர்ந்தது. தலைவர்களின் அறையில் அமர்ந்து எது நன்றாக இருக்கிறது என்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் இந்தப் பக்கம் தேர்வாகியிருக்காது.

ஆயினும் இந்தக் கதையைப் படித்துவிட்டு ஒவ்வொரு நகரமன்ற வேட்பாளரும் இத்தகைய சோதனையில் இறங்குவது வீண். அச்சோதனையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கு பெற்றனர். நாளுக்குச் சில நூறு பேர் வரும் தளத்தில் கிடைக்கும் வேறுபாடு தற்செயலாகவே இருக்கும். சிறிய பிரசாரங்களுக்கு வேறு வழி உண்டு. தளத்தை முன்பின் பார்த்திராத ஐந்தாறு பேரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ‘தொண்டராகப் பதிவு செய்யுங்கள்’, ‘உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லிவிட்டு, உதவி செய்யாமல் பக்கத்தில் நின்று பார்த்தால், எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

படி 9: பாதுகாப்பு

பிரசாரத் தளம் தாக்கப்படும் என்று கருதியே அமைக்க வேண்டும். 2019 மார்ச் மாதத்தில், பொதுத்தேர்தல் நெருங்கிய வேளையில், இந்தியாவின் ஆளுங்கட்சியான பாரதிய ஜனதா கட்சியின் தளம் ஊடுருவலுக்குப் பின் இரண்டு வாரங்களுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது. 2020 அக்டோபர் 27 அன்று, வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில், டிரம்ப் பிரசாரத் தளத்தின் முகப்பைச் சிறிது நேரம் கைப்பற்றியவர்கள் மறைநாணயம் (கிரிப்டோகரன்சி) கேட்டு எழுதி வைத்தனர். இவை கண்ணுக்குத் தெரிந்த தாக்குதல்கள். இவற்றைவிட நுட்பமானது 2016இல் நடந்தது: அமெரிக்க அரசின் 2018ஆம் ஆண்டுக் குற்றப்பத்திரிகையின்படி, ரஷ்ய உளவு அதிகாரிகள் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றப் பிரசாரக் குழுத் தளத்துக்குள் நுழைந்து, நன்கொடைக்கான இணைப்பை ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக இருந்த போலி முகவரிக்கு மாற்றிவிட்டனர். முகப்பு அப்படியே இருந்தது. பார்வைக்கு எதுவும் தவறாகத் தெரியவில்லை.

ஆகவே நன்கொடை, பதிவு ஆகிய இரண்டு இணைப்புகளையும் தினமும் ஒருவர் சொடுக்கிச் சரிபார்க்க வேண்டும். நிர்வாகக் கணக்குகள் அனைத்துக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். முடிந்தால் குறுஞ்செய்திக் குறியீட்டுக்குப் பதிலாகப் பாதுகாப்புச் சாவிக்கருவி. தளப்பெயர் பதிவுக் கணக்கு, மின்னஞ்சல், சர்வர் ஆகிய மூன்றில் எது பறிபோனாலும் மற்ற இரண்டும் பின்தொடரும். விலகிய பணியாளரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ஆட்கள் வருவதும் போவதும் அதிகம் என்பதால் இதுவே பெரும்பாலும் தவறும் இடம். வெள்ளம்போல் வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சேவைக்குப் பின்னால் தளத்தை வைத்து, வேறிடத்தில் தினசரி நகலும் எடுக்க வேண்டும்.

படி 10: கடைசி வாரமும் வாக்குப்பதிவு நாளும்

கடைசி வாரத்தில் முகப்பு மாற வேண்டும். உங்கள் வாக்குச்சாவடி எங்கே, எந்த நேரம் வரை, எந்த அடையாள ஆவணம் தேவை என்பவை முதலிடத்துக்கு வர வேண்டும். நன்கொடைப் பொத்தான் கீழே இறங்கலாம். சாவடி விவரத்தைக் கட்சி தானே தட்டச்சு செய்யாமல் தேர்தல் ஆணையத்தின் பக்கத்துக்கே இணைப்புத் தருவது பாதுகாப்பானது. தவறான சாவடியைச் சொல்லி வாக்காளரை அலையவிட்டால் அது வாக்கையும் இழக்கும், வழக்கையும் வரவழைக்கும்.

புதிய கருவி எதையும் வாக்குப்பதிவு நாளில் முதன்முறையாக இயக்கக்கூடாது. 2012இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மிட் ராம்னியின் பிரசாரம், யார் வாக்களித்துவிட்டார்கள் என்பதைச் சாவடிகளிலிருந்து தொண்டர்கள் உடனுக்குடன் பதிய ‘ஓர்கா’ என்ற இணையச் செயலியைத் தயாரித்தது. 30,000க்கும் மேற்பட்ட தொண்டர்களை நம்பிய அந்த ஏற்பாடு முன்கூட்டிக் களத்தில் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை. முகவரியை https என்று தொடங்கும் பாதுகாப்பான வடிவில் தட்டச்சு செய்யாதவர்களைத் தளம் தானாகத் திருப்பிவிடவில்லை. பலர் வெறும் பக்கத்தையே பார்த்தார்கள். சிலருக்குக் கடவுச்சொல் வேலை செய்யவில்லை, உதவி எண்ணும் கிடைக்கவில்லை. ஒரு சிறிய உள்ளூர்த் தேர்தலில் அதை முன்பே ஓட்டிப் பார்த்திருந்தால் இவற்றில் பல ஒரே காலையில் வெளிப்பட்டிருக்கும்.

வெற்றிக்கும் தோல்விக்கும் உரிய பக்கங்களை முன்கூட்டியே எழுதி, வெளியிடாமல் வைத்திருக்கலாம். எந்தப் பொத்தானை யார் அழுத்துவது என்பது மட்டும் ஒருவரிடமே இருக்கட்டும்.

படி 11: தேர்தலுக்குப் பின்

முடிவு வந்த மறுநாளே தளத்தைக் கைவிடுவது வழக்கமாகிவிட்டது. முதலில் செய்ய வேண்டியது பட்டியலில் உள்ள எல்லோருக்கும் நன்றி எழுதுவது. தோற்றவர்கள் இதைச் செய்தால் அடுத்த தேர்தலுக்கான பட்டியல் அன்றே பாதி தயாராகிவிடும். மாதாந்திர நன்கொடைகளை நிறுத்த வேண்டுமா, கட்சிக்கு மாற்ற வேண்டுமா என்பதைக் கொடுத்தவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். வைத்திருக்க உரிமையில்லாத தரவை அழித்து, அழித்ததைப் பதிவு செய்ய வேண்டும்.

பேச்சுகளையும் வாக்குறுதிகளையும் நீக்கும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். பிரிட்டனின் பழமைவாதக் கட்சி 2000 முதல் 2010 வரையிலான பேச்சுகளைத் தன் தளத்திலிருந்து அகற்றியதும், இணையக் காப்பகமும் அவற்றைக் காட்டாதபடி தடுத்ததும் 2013 நவம்பரில் செய்தியானது. பிரிட்டிஷ் நூலகத்திடம் நகல் இருந்ததால் பேச்சுகள் மறையவில்லை. நீக்கிய செய்திதான் கூடுதலாகச் சேர்ந்தது. பழைய பக்கங்களை ஆண்டு குறிப்பிட்டு அப்படியே நிறுத்தி வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

கடைசியாக, தளப்பெயர்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாள்களும் கலைக்களஞ்சியங்களும் பல ஆண்டுகளாக இணைப்புக் கொடுத்த முகவரி தேடுபொறிகளில் மதிப்புள்ளது. காலாவதியானவுடன் சூதாட்டத் தளங்களும் போலிக் கடன் தளங்களும் அதை வாங்கத் தயாராக இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி, நினைவூட்டல் மின்னஞ்சல் கலைந்துபோன பிரசாரக் குழுவின் முகவரிக்குப் போகாமல் கட்சி அலுவலகத்தின் நிரந்தர முகவரிக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.